அம்மாச்சியின் 1951

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு பேத்திக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் தாலுகா ஆபீசில் கேட்பது ஒரு தேதி: 10-8-1950. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாள். குடும்பம் அதற்கு முன்பே மலையேறியதா? பிறகு என்றால் கேரளத்துச் சலுகை இல்லை.

*

ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, 1951 பிப்ரவரியில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்தப் பேத்தியின் அம்மாச்சி அப்போது லயத்தில் இருந்திருந்தால் பெயர், வயது, பிறந்த இடம், தாய்மொழி எல்லாம் எழுதியிருப்பார்கள். ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அந்த ஏட்டைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை என்கிறது. பிரிட்டனில் நூறு வருடம் பொறுத்தால் போதும். 1921 ஏடுகள் 2022-இல் திறந்தன. அமெரிக்காவில் 72 வருடம். நம் சட்டத்தில் கெடுவே கிடையாது. ஆதாரம் கேட்பதும் அரசு, பூட்டி வைத்ததும் அரசு.

*

அதற்கும் முந்தைய கணக்கெடுப்புகளில், பெண்ணின் பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால் வெறுமனே ‘பெண்’ என்று எழுதிக்கொள்ளலாம். கொள்ளுப்பாட்டியைத் தேடுபவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

*

அந்த ஆகஸ்ட் தேதியின் கணக்கில் பாலக்காடு வேறு கதை. 1950-இல் அது மலபார் மாவட்டம், சென்னை மாநிலம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் பிழைக்கப் போனவள் மாநிலம் தாண்டவில்லை. பாலக்காட்டிலிருந்து பக்கத்துச் சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் தாண்டினாள். சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. போடியிலிருந்து, மூணாறு இருக்கும் தேவிகுளம் தாலுகாவுக்கு ஏறியவளும் அப்படியே.

*

கணக்கெடுப்பு வேறொன்றுக்கு நன்றாகவே பயன்பட்டது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை என்று 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையத்துக்குத் தெரியும். பலர் வந்துபோகும் தோட்டத் தொழிலாளர் என்று சொல்லித் தாலுகாவைக் கேரளத்தோடு வைத்தார்கள். அன்று ‘நீங்கள் இந்த ஊரா?’, இன்று ‘எப்போது வந்தீர்கள்?’

*

அஸ்ஸாமில் அந்தக் கணக்கெடுப்பு வெளியே வந்தது வேறு விதமாக: 1951 கணக்கெடுப்பை வைத்தே வீடுவாரியாகக் குடிமக்கள் பதிவேடு எழுதியிருந்தார்கள். 2015-இல் அதைக் கணினியில் ஏற்றி, தாத்தா பெயரைத் தேட வழிசெய்தார்கள். அப்படியும் குடியுரிமையை நிரூபிக்க முடியாமல் தவித்தவர்களில் கட்டிக்கொடுத்து வேறு ஊர் போன பெண்கள் ஏராளம். அப்பாவோடு இணைக்கும் காகிதம் கையில் இல்லை. பஞ்சாயத்துச் சான்று செல்லுமா என்பது சுப்ரீம் கோர்ட் வரை போனது.

*

மலையில் மிச்சமிருக்கக்கூடியவை: மஸ்டர் ரோல், எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, ஞானஸ்நானப் புத்தகம். கங்காணியின் நோட்டு அகப்பட்டால் அதிர்ஷ்டம். இவற்றில் நான் அதிகம் நம்புவது ஞானஸ்நானப் புத்தகத்தை. தாயின் பெயரும் அதில் இருக்கும். இன்னாருக்கு மனைவி, இன்னாருக்கு மகள் என்று இன்ஷியல் மாறிமாறி வருவதால், ஒரே பெண் மற்றவற்றில் இரண்டு ஆளாகத் தெரிவாள். போதாததற்கு, மலையாளத்தில் எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி பெயரும் மாறியிருக்கும்.

*

இன்னொரு கண்ணி. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூத்த பிள்ளை சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அங்கேயே பதிவாகியிருக்கும். மலையில் இருந்ததைக் காட்டத் தேடிப்போகிற பேத்தியின் கையில், தமிழ்நாட்டில் இருந்ததற்கான சான்று வந்து விழும். இரண்டாவது பிள்ளையிலிருந்து தேடத் தொடங்குவதே நல்லது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம்.