படத்தில் நாம் எங்கே நிற்கிறோம்?

தவக்காலம் தொடங்கியதும் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆன்ம சோதனையைப் பற்றிய பேச்சு எழுகிறது. கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, எதில் தவறினோம் என்று எண்ணிப் பார்க்கிறோம். திருச்சபை நமக்குக் கற்றுத் தந்த நல்ல வழக்கம் இது, கைவிடத் தகாதது. எனினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பல ஆண்டுகள் பழகிய சொற்கள் நம் நாவில் தாமாகவே வந்து அமர்ந்துவிடுகின்றன. கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபத்தை மறந்தேன் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்த பட்டியலையே ஐம்பது வயதிலும் ஒப்புவிப்பது மனித இயல்பு. பட்டியல் உண்மைதான். ஆனால், யார்மீது கோபம், ஏன் அந்தக் கோபம், அதன் அடியில் ஆறாமல் கிடக்கும் காயம் எது என்பவை அந்தச் சொற்களுக்குள் அகப்படாமல் நழுவிவிடுகின்றன.

சொல் நழுவும் இடத்தில் சிலவேளை கை உதவிக்கு வருகிறது. களிமண்ணைப் பிசைந்தோ, தாளில் கோடிட்டோ, துணியில் நூலோட்டியோ நாம் ஒன்றைச் செய்யும்போது, முன்கூட்டி எண்ணாத ஏதோ ஒன்று அதில் வந்து நிற்கக் காண்கிறோம். எதைப் பெரிதாக வரைந்தோம், எதை வரையாமல் விட்டோம், நம்மை எந்த மூலையில் நிறுத்தினோம் என்று பிறகு அமைதியாக நோக்கினால், நம்மைப் பற்றி நாமே அறியாத செய்தி அங்கே கிடைக்கக்கூடும். இதைக் குறித்தே இம்மாதம் வாசகர்களோடு உரையாட விழைகிறோம்.

ஜெர்மனியில் மியூனிக் நகரிலுள்ள பழைய ஓவியக்கூடத்தில், ரெம்பிராண்ட் 1633-ஆம் ஆண்டையொட்டி வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. ஆண்டவரை அறைந்த சிலுவையைச் சேவகர்கள் தூக்கி நிறுத்தும் காட்சி அது. அவர்களின் நடுவே நீல உடையும் ஓவியர்கள் அணியும் தொப்பியும் தரித்த ஒருவர், ஆண்டவரின் பாதங்களுக்கு அருகே நின்று, மரத்தை இரு கைகளாலும் பற்றி உயர்த்துகிறார். உடையோ கல்வாரிக் காலத்ததன்று, ஓவியரின் காலத்தது. முகமோ ரெம்பிராண்டின் முகம்! அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஆம்ஸ்டர்டாமில் புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரம். நாட்டின் ஆளுநராகிய இளவரசருக்காக வரைந்த பாடுகளின் ஓவிய வரிசையில் ஒன்று இது. அழுகின்ற பெண்களோடு தம்மைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். தொலைவில் நின்று பார்ப்பவராகவும் வரைந்திருக்கலாம். ஆனால், கொல்கின்றவர்களின் நடுவே தம்மை நிறுத்தினார்.

ரெம்பிராண்ட் கத்தோலிக்கர் அல்லர், புனிதரும் அல்லர். ஓவியமாகவும், செப்புத்தகட்டு அச்சாகவும், கோட்டுருவமாகவும் ஏறத்தாழ 80 முறை அவர் தம் முகத்தைத் தாமே தீட்டினார். அவற்றுள் விற்பனைக்கென வரைந்தவையும் உண்டு என்று அறிஞர்கள் கூறுகின்றனர். அது உண்மையாயினும், தம் முகத்தை அவர் அழகுபடுத்தி ஏமாற்றவில்லை என்பதைப் பார்ப்பவர் எவரும் உணர்வர். 1635-ஐ ஒட்டி வரைந்த ஓர் ஓவியத்தில், மனைவி சாஸ்கியாவை மடியில் அமர்த்தி, மதுக்கோப்பையை உயர்த்திச் சிரிக்கும் மனிதராக அவர் காட்சி தருகிறார். விடுதியில் செல்வத்தை அழிக்கும் ஊதாரி மைந்தனின் காட்சி அது என்பது அறிஞர்களின் முடிவு. பின்னர் 1642-ல் சாஸ்கியா இறந்தார். 1656-ல் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கி நொடித்துப்போனார், பின்னர் வீட்டையும் உடைமைகளையும் இழந்தார். 1668-ல் மகன் டைட்டசும் மறைந்தார். அந்த இறுதி ஆண்டுகளில்தான், இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கும் ‘ஊதாரி மைந்தன் திரும்பி வருதல்’ உருவாயிற்று. தேய்ந்த செருப்பு, மழித்த தலை, தந்தையின் மார்பில் புதைந்த முகம். மகனின் முதுகில் படிந்த முதியவரின் இரு கைகள். சிரித்துக் கோப்பை உயர்த்தியவர் இந்தக் காட்சியை வந்தடைய முப்பது ஆண்டுகள் ஆயின.

மிக்கேலாஞ்சலோவும் முதுமையில் இத்தகைய ஒன்றைச் செய்தார். எழுபது வயதைக் கடந்தபின், தம் கல்லறைக்கென்றே அவர் செதுக்கத் தொடங்கிய சிற்பம் இன்று பிளாரன்சில் உள்ளது. இறந்த ஆண்டவரைப் பின்னின்று தாங்கும் முதியவர் ஒருவர் அதில் இருக்கிறார். நிக்கதேம் எனக் கருதப்படும் அந்த உருவத்திற்குத் தம் முகத்தையே மிக்கேலாஞ்சலோ தந்தார் என்று அவருடைய நண்பர் வசாரி எழுதியிருக்கிறார். நிக்கதேம் யார்? பகலில் வர அஞ்சி, இரவில் இயேசுவைத் தேடி வந்தவர். உலகமே போற்றிய கலைஞர், தமக்குரிய இடம் அதுவே என்று கல்லில் கண்டார் போலும்.

இது கலைஞருக்கு மட்டும் உரிய வழியன்று. 1521-ல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்த போர்வீரர் இஞ்ஞாசியார், பின்னர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகளில் இதையே நமக்குக் கற்பித்தார். நற்செய்திக் காட்சியை மனக்கண்முன் கொணர்ந்து, வழியையும் வீட்டையும் முகங்களையும் பார்த்து, நாமும் அதனுள் நுழைய வேண்டும் என்றார். ஆண்டவரின் பிறப்பைத் தியானிக்கும்போது, குகையில் ஏவல் செய்யும் எளிய ஊழியனாக நம்மை அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் மனத்தில் வரையச் சொன்னதைத் தாளில் வரைவதே இங்கு நாம் கூறுவது.

“எங்களுக்குப் படம் வரையத் தெரியாதே!” என்பீர்கள். விடியலில் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் கை உங்களுடையது. குருத்து ஞாயிறன்று ஓலையை மடித்துச் சிலுவை செய்வது உங்கள் பிள்ளைகள். கிறிஸ்து பிறப்புக்கு வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குடில் அமைக்காத வீடு நம்மிடையே அரிது. திறமை இங்கே பொருட்டன்று. பரிசுக்காக வரையும் படத்தில் நாம் பிறருக்குக் காட்ட விரும்புவதே இருக்கும். யாருக்கும் காட்ட வேண்டாத படத்தில்தான் நாம் இருப்போம்.

கடந்த தவக்காலத்தின் ஒரு ஞாயிறு மாலை, நம் பங்கில் இருபது குடும்பங்களை அழைத்து இதைச் செய்து பார்த்தோம். லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்திலிருந்து ஊதாரி மைந்தன் உவமையை மெதுவாக இருமுறை வாசித்தோம். தாளும் கரித்துண்டும் வண்ணக்கட்டிகளும் தந்து, “மகன் திரும்பி வரும் காட்சியை வரையுங்கள், உங்களையும் அதில் ஓரிடத்தில் வரையுங்கள்” என்று மட்டும் கூறினோம். அங்கே நடந்தவற்றை, உரியவர்களின் இசைவோடு, ஆளை அடையாளம் காட்டாமல் இங்கே குறிக்கிறோம்.

ஒரு தாய் அடுப்பை வரைந்திருந்தார். கொழுத்த கன்றின் கறி கொதிக்கும் பெரிய பானை. அருகே குனிந்தபடி அவர். தந்தையும் மகனும் தாளின் ஓரத்தில் விரல் நுனி அளவே இருந்தனர். “மகன் வந்ததை நான் பார்க்கவில்லை, சாமி. அடுப்படியில் இருந்தேன்” என்றார். சொன்னபின் அவரே திகைத்தாற்போலச் சற்று நேரம் பேசாதிருந்தார். அருகில் இருந்த கணவர், அந்தத் தாளைத் தம் பக்கம் இழுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சிறுவன், வீடு நிறைய விருந்தாளிகளை வரைந்துவிட்டுத் தன்னை மட்டும் தூரத்தில் ஒரு தென்னைமரத்தின்மேல் வரைந்தான். அவன் தாய்க்கு மனம் பதறிற்று. “எல்லாரும் உள்ளே இருக்க, நீ மட்டும் ஏன் வெளியே இருக்கிறாய்?” என்று கடிந்துகொள்ளத் தொடங்கினார். கைகாட்டி அவரை அமர்த்தி, “இந்தப் படத்தைப் பற்றிச் சொல், தம்பி” என்று மட்டும் கேட்டோம். “அங்கிருந்து பார்த்தால்தான் அப்பா வருவது முதலில் தெரியும்” என்றான். அவன் தந்தை வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். ஒதுங்கிப்போன பிள்ளை என்று நாம் முடிவு கட்டியிருப்போம். அவனோ, உவமையில் வரும் தந்தையைப்போலத் தொலைவிலேயே வருகையைக் காணக் காத்திருந்தான்.

நடுவயதினர் ஒருவர் மூத்த மகனை வரைந்தார். வீட்டுக்கு முதுகு காட்டி நிற்கும் உருவம். இரு கால்களும் மண்ணில் புதைந்தவைபோல் அழுத்தி அழுத்திக் கருமை தீட்டப்பட்டிருந்தன. “இது நான்தான்” என்றார். வேறொன்றும் கூறவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சென்றார். நாமும் கேட்கவில்லை. அதற்குமேல் நடக்க வேண்டியது அவருக்கும் இறைவனுக்கும், ஒருவேளை அவருடைய தம்பிக்கும் இடையே உள்ளது.

வீட்டில் இதைச் செய்ய விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். இரவுச் செபத்தின்போது நற்செய்திப் பகுதி ஒன்றை வாசியுங்கள். பதினைந்து நிமிடம் பேசாமல் வரையுங்கள். அழகு, அழகின்மை பற்றிப் பேச வேண்டாம். அனைத்திற்கும் மேலாக, பிறர் படத்திற்கு நீங்கள் பொருள் கூறாதீர்கள். கறுப்பு என்றால் துயரம், சிறிய உருவம் என்றால் தாழ்வு மனப்பான்மை என்று அகராதி வைத்துப் படிப்பது பெரும்பாலும் பிழையாகவே முடியும். தென்னைமரத்துச் சிறுவனை மறவாதீர்கள். “இதைப் பற்றிச் சொல்” என்று கேட்பது போதும். சொல்ல மனமில்லையேல் அதையும் மதியுங்கள்.

மருத்துவ உலகும் இவ்வழியை அறியும். 1938-ல் காசநோயால் பீடிக்கப்பட்டு இங்கிலாந்தில் சிகிச்சை பெற்ற ஓவியர் ஏட்ரியன் ஹில், நோய்ப்படுக்கையில் வரைவதன் நன்மையைத் தாம் உணர்ந்து, உடனிருந்த நோயாளிகளுக்கும் அதைக் கற்பித்தார். கலைவழிச் சிகிச்சை என்னும் பெயர் 1942-ல் அவரால் வழங்கலாயிற்று. இன்று அது முறையாகப் பயின்றோர் செய்யும் பணி. ஆகவே, உறக்கமின்றி, உணவு செல்லாமல், வாழ்வே வேண்டாம் என்னும் நிலையில் ஒருவர் துன்புற்றால், தாளும் வண்ணமும் கொடுத்து நிறுத்திக்கொள்ளாமல், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் இறையன்பின் செயலே.

நம்மை நாம் அறிவது நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதற்கன்று. அதே மியூனிக் நகரில், அதே ஓவிய வரிசையைச் சேர்ந்த மற்றோர் ஓவியம் உண்டு. ஆண்டவரின் உடலைச் சிலுவையினின்று இறக்குகிறார்கள். ஏணியின்மேல் நீல உடை அணிந்த ஒருவர், உயிரற்ற அந்தக் கரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அங்கும் ரெம்பிராண்டின் முகமே. சிலுவையை உயர்த்திய கைகளுக்கு, இறக்கி ஏந்தும் வேலையும் காத்திருக்கிறது.

இந்த வாரம் உங்கள் வீட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். கல்வாரியையோ, கானா ஊர்த் திருமணத்தையோ, ஊதாரி மைந்தன் திரும்பிய வீட்டையோ தேர்ந்துகொள்ளுங்கள். உங்களை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். பின்னர், “ஆண்டவரே, நான் இங்கே நிற்கிறேன், இங்கிருந்து எவ்விடம் வர வேண்டும்?” என்று கேளுங்கள். எந்தப் பட்டியலையும்விட நேர்மையான செபமாக அது அமையக்கூடும்.