சோழவரம் ஃபியட்டுக்கு எந்த டயர்?

பொம்மைக் காருக்கு டயர் போடுவதில் என்ன பெரிய யோசனை வேண்டிக் கிடக்கிறது? கறுப்பாக, வட்டமாக இருந்தால் போதாதா? போதாது என்கிறான் பேராவூரணியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன். சில மாதங்களாக அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு அளவில் அவன் செய்துகொண்டிருப்பது ஒரு ஃபியட் கார். சும்மா ஃபியட் இல்லை, 1970-களின் நடுவில் சோழவரத்தில் ஓடிய ரேஸ் ஃபியட். அதற்கு மெக்கானிக்காக இருந்தவர் அவனுடைய பெரியப்பா.

சோழவரம் தெரியாதவர்களுக்காக: சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, கார்கள் வந்தன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருடா வருடம் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகப் பந்தயத் தடம் வரும்வரை தென்னிந்திய ரேஸ் பிரியர்களுக்குச் சோழவரம்தான் திருவிழா. வெளிநாட்டு ரேஸ் கார்களும் வந்தன, வீட்டு ஃபியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும் வந்தன. பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியதே, அதே ஃபியட்தான்.

பெரியப்பாவிடம் அந்தக் காரின் போட்டோ ஒன்றே ஒன்று இருந்தது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் தென்னந்தோப்பை மட்டுமா சாய்த்தது? ஓட்டு வீட்டின் கூரையைப் பிரித்து டிரங்குப் பெட்டியையும் நனைத்துவிட்டுப் போனது. போட்டோ கூழாகிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குப் பார்வையும் மங்கி, இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. அதே புயலில் விழுந்த பூவரசங்கிளை ஒன்றைப் பையன் எடுத்து வைத்திருந்தான். காரின் உடம்பு அதில் செதுக்கியதுதான். ஆக, பார்க்க முடியாத ஒருவருக்காக, பார்த்துச் செய்யப் படம் இல்லாத ஒரு கார். "அவரு என்னத்த பாக்கப் போறாரு, எதையாவது மாட்டிக் குடு" என்று வீட்டில் சொன்னார்கள். அவர் விரலால் பார்ப்பார் என்பது பையனுக்குத் தெரியும்.

கையில் முதலில் கிடைத்தது ஒரு அமெரிக்க டிராக் காரின் டயர். சிங்கப்பூரில் இருக்கும் சிநேகிதன் வாங்கி வந்த கிட்டில் இருந்தது. டிராக் ரேஸ் என்றால் வளைவே கிடையாது, நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், அவ்வளவுதான். (அங்கேயும் ஆரம்பகாலப் பந்தயங்கள் பல விமானத் தளங்களில்தான் நடந்தன. கலிபோர்னியாவில் சான்டா அனாவில் 1950-ல் அப்படித்தான் தொடங்கியது.) பின்சக்கரத்துக்குப் பட்டனே இல்லாத மொழுக்கை டயர், அரை அங்குல அகலம். ஃபியட்டில் வைத்துப் பார்த்தால் அப்படி ஒரு கம்பீரம்! யாராக இருந்தாலும் மயங்கிவிடுவார்கள்.

ஆனால் டிராக் கார் மாடல் செய்கிறவர்களே டயர் விஷயத்தில் மகா கறார். 1950-களின் மொழுக்கை டயருக்கு ஓரத்தில் பலகாரத்தை அழுத்தி மூடினாற்போல வரிவரியாக இருக்கும். நம் ஊர் சோமாசி ஓரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 60-களின் நடுவில் வந்ததோ மெல்லிய பக்கச்சுவர் கொண்டது. புறப்படும் வேகத்தில் அந்தச் சுவர் துணி மாதிரி சுருங்கி, தரையை அகலமாகக் கவ்விக்கொள்ளும். 1957-ம் வருஷத்துக் காரில் இந்தச் சுருக்க டயரை மாட்டினால் பெயின்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிரிப்பார்கள். காரின் நிறத்தை உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், அதை வைத்து வருஷம் சொல்ல முடியாது. டயர் அப்படி இல்லை. தயாரிக்கப்படாத டயரை யாரும் மாட்டியிருக்க முடியாது.

அப்படியானால் ஃபியட்டுக்கு என்ன? அதன் டயர் அளவு 5.20-14. அகலம் 5.2 அங்குலம், ரிம் 14 அங்குலம். ரேடியல் இல்லை, கிராஸ் பிளை. இந்தியாவில் ரேடியல் டயர் தயாரிப்பே 1977-ல்தான் தொடங்கியது. பழைய கிராஸ் பிளை டயரின் சுவர் உயரம் ஏறத்தாழ அகலத்தின் அளவே இருக்கும். மொத்த விட்டம் சுமார் 610 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் விட்டம் 25.4, அகலம் 5.5, சுவர் 5.3 மில்லிமீட்டர். இன்று இளைஞர்கள் ஆசைப்பட்டு மாட்டும் 195/50 ஆர் 15 டயரையும் அதே கணக்கில் வகுத்தான். விட்டம் 24, கிட்டத்தட்ட அதே. ஆனால் அகலம் 8.1, சுவர் வெறும் 4. கடையில் விற்கும் சின்னக் கார்களின் டயர்களெல்லாம் இந்தச் சாதியாகத்தான் இருந்தன. ஒரு மில்லிமீட்டர்தானே என்பீர்கள். கார் ஐம்பது வருஷம் தள்ளி வந்து நின்றுவிடும்.

கடையில் இல்லையென்றால் செய்துகொள்ள வேண்டியதுதான். நுங்கு வண்டியும் ரப்பர் செருப்பை வெட்டிய சக்கரமும் ஓட்டி வளர்ந்த ஊர்க்காரனுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? செருப்பு ரப்பர் பொத்தல் பொத்தலாக இருந்ததால் சரிவரவில்லை. கடைசியில் அவன் வேலை பார்க்கும் கடையிலேயே விடை கிடந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் கப்ளிங்குக்குப் போடும் ரப்பர் புஷ்! கெட்டியான கறுப்பு ரப்பர், நடுவில் துளை. போல்ட்டில் கோத்து, டிரில் மிஷினில் சுற்றவிட்டு, உப்புத்தாளால் 25.4-க்குக் கொண்டுவந்தான். தோள்பட்டையை உருட்டிவிட்டான். பழைய டயருக்கு ஓரம் உருண்டிருக்கும், இப்போதைய டயர் போலச் சதுரமாக இருக்காது. கிட்டில் வந்த டயரைவிட இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த மெது வினைல் டயர்கள் நாள்பட்டால் தாங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ரிம்மையே உருக்கிவிடும்.

பக்கச்சுவரில் கம்பெனி பெயர்? திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 60-களிலேயே டயருக்கு வந்துவிட்டது. டன்லப் அதற்கும் முன்னால். இரண்டில் எது என்று பெரியப்பாவுக்கு நினைவில்லை. பையன் எதையும் எழுதவில்லை. வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் ஏற்றாத கணக்குப்பிள்ளையை வணிகவியல் வகுப்பில் மட்டும்தான் பார்க்க முடியும் என்று நினைத்திருந்தால், பேராவூரணிக்கு வாருங்கள்.

பட்டனை மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஊசிக்கத்தியால் வளைவளைவாக வெட்டினான். பெரியப்பா தடவிப் பார்த்துவிட்டு, "உருட்டு சரியா இருக்குடா. ஆனா இது ஷோரூம் வண்டிடா" என்றார்.

"ஏன் பெரியப்பா?"

"புது டயரோட எவன் ரேஸுக்குப் போவான்? பட்டன் ஒசரமா இருந்தா திருப்பத்துல நெளியும், வண்டி புடிக்காது. பாதி தேஞ்சத எடுத்து வச்சிருப்போம். காத்த கல்லு மாதிரி ஏத்திடுவோம்."

காற்று விஷயம் இன்னொரு வேலையை மிச்சமாக்கியது. வண்டியின் பாரம் தெரிவதற்காக டயரின் அடியைக் கொஞ்சம் தட்டையாகத் தேய்ப்பது மாடல்காரர்கள் வழக்கம். கல்லு மாதிரி காற்றடித்த டயருக்கு அது அவ்வளவாகத் தெரியாது, விட்டுவிட்டான். ஒரு நாள் முழுக்க வெட்டிய பட்டனை மறுபடி உப்புத்தாள் கொண்டு பாதியாக்கினான்.

இரண்டாம் முறை பெரியப்பா நான்கு டயரையும் ஒவ்வொன்றாக வாங்கினார். பின்சக்கரம் இரண்டையும் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். முன்சக்கரம் ஒன்றின் வெளி ஓரத்தில் கட்டைவிரல் நின்றது.

"முன்னாடி எஞ்சின் கனம்டா. திருப்பத்துல மூக்கு வெளியதான் போவும். வெளி ஓரம் முந்தித் தேஞ்சிருக்கும், உள்ள அவ்வளவு தேயாது."

பையன் அவர் பக்கத்திலேயே திண்ணையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தான். நாலு இழுப்புக்கு ஒருமுறை அவர் கை நீட்டினார். இடது முன்சக்கரம் முடிந்துவிட்டது. வலது இன்னும் ஆகவில்லை.