நிற்பதற்கான வயர்

எங்கள் வேனுக்கு 20 வயது தாண்டிவிட்டது. ஐந்து பேர் பணம் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் வண்டி. கூட்டம், வழக்கு விசாரணை, சாவு வீடு, மாணவர் முகாம் என்று அது போகாத ஊர் இல்லை. வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டுபவர் ஒருவர்தான். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கி.மீ. இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் காலையில் நீதிமன்றம் திறக்கும் முன் போய்விடலாம். நாங்கள் பின்னால் தூங்கிக்கொண்டு போவோம். அப்படி ஒரு பயணத்தில், விக்கிரவாண்டியில் தேநீருக்கு நிறுத்தியபோது, அண்ணன் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். நடக்கவில்லை. வலது முழங்கால் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. "கொஞ்ச நேரத்துல சரியாயிரும், நீங்க போய் டீ குடிங்க" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டோம். "ரெண்டு வருசமா இருக்கு தம்பி" என்றார்.

இரண்டு வருடம். ஒரே வண்டியில், அவர் முதுகைப் பார்த்தபடி பயணம் செய்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

நான்குவழிச் சாலையில் ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தத்தில் மணிக்கணக்கில் பிடித்திருப்பது காலுக்குத் தண்டனை. புதிய கார்களில் இதற்கு க்ரூஸ் கண்ட்ரோல் இருக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், காலை எடுத்துவிட்டாலும் வண்டி அதே வேகத்தில் போகும். நம் பழைய வண்டிக்கும் அதைப் பொருத்தினால் என்ன என்று யோசித்தோம். குற்ற உணர்ச்சியில் பிறந்த யோசனை என்பதை மறைக்கவில்லை.

இந்தக் கருவியின் வரலாறு தெரிந்துகொள்ள வேண்டியது. இதற்குக் காப்புரிமை பெற்றவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வையை முற்றிலும் இழந்தவர். அவருடைய வழக்குரைஞர் கார் ஓட்டும்போது, பேசினால் வேகம் குறையுமாம், கேட்டால் கூடுமாம். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குலுக்கலைத் தாங்க முடியாமல்தான் இதைப் பற்றி யோசித்தார் என்று சொல்வார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் க்ரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் வந்தது. கண் தெரியாத ஒரு பயணி, ஓட்டுபவரின் கால் செய்வதை உடம்பால் கவனித்திருக்கிறார். கண் தெரிந்த நாங்கள் கவனிக்கவில்லை.

பழைய வண்டியில் பொருத்துவதற்கான கிட் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே கிட் கிடையாது. புதிய வண்டிகளில் ஆக்சிலேட்டர் மிதிக்குக் கீழே கேபிளே இருக்காது. மிதி ஒரு மின்சமிக்ஞையை அனுப்பும், அதற்கு நடுவில் ஒரு மாடியூலைச் செருகினால் போதும். எங்கள் வண்டியில் இருப்பது இரும்புக் கேபிள். மிதித்தால் அது டீசல் பம்பில் உள்ள நெம்புகோலை இழுக்கும். ஆகவே, கால் இழுப்பது போலவே இழுக்க இன்னொரு கை வேண்டும். சில கிட்களில் அந்தக் கை வெற்றிடத்தால் இயங்கும். டீசல் வண்டியில் வெற்றிடம் எங்கிருந்து வருகிறது? பிரேக்குக்கு உதவி செய்யும் பம்பிலிருந்து. பிரேக்கின் பங்கில் கைவைக்க எங்களுக்கு மனமில்லை. அதனால் சிறு மின்மோட்டாரால் இழுக்கும் வகையை வரவழைத்தோம்.

பெட்டியைப் பிரித்தால் ஒரு கட்டு வயர்கள். மோட்டாரைப் பொருத்துவது ஸ்பானர் வேலை. அரை நாளில் முடிந்துவிடும். வயர்கள் அப்படியல்ல. கருவிக்கு வண்டியின் வேகம் தெரிய வேண்டும். அதற்குப் பின்சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டில் காந்தங்களைக் கட்டி, பக்கத்தில் ஒரு காயிலை வைக்க வேண்டும். கிளட்ச் மிதித்தால் தெரிய வேண்டும். இல்லையென்றால் பாரம் விலகிய என்ஜினை அது மேலும் முறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் மிதித்த கணமே தெரிய வேண்டும்.

எங்கள் குழுவில் பி.இ. முடித்த இருவர் இருக்கிறார்கள். மின்சுற்றுச் சமன்பாடுகளை அழகாக எழுதுவார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டதும் இருவரும் பேச்சிழந்தார்கள். வேலையை எடுத்துக்கொண்டவர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த தங்கை. கையில் கரி படும் படிப்பு என்று அவருடைய சொந்தக்காரர்களே இளக்காரமாகப் பேசிய படிப்பு. கை வேலையைக் கீழே வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் எங்கிருந்து வந்தது என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். பிறகு ஒரு பழைய கூட்ட அறிவிப்பின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தார். பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், விளக்கு, பாடி எர்த். "எந்த வயரா இருந்தாலும் இந்த வரிசையிலதான் போகும் அண்ணா. எங்கிருந்து வருது, எது தடுக்குது, எங்க போய் முடியுது, இந்த மூணத்தான் கேக்கணும். கலர நம்பாதீங்க. இருவது வருசத்துல எத்தன பேரு மாத்திக் கட்டியிருப்பாங்களோ" என்றார். மின்சாரம் வேண்டிய சோதனைக்கு மட்டும் நெகட்டிவை மாட்டி, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். பிரேக் சுவிட்சில் இரண்டு வயர். ஒன்றில் எப்போதும் 12 வோல்ட். மற்றொன்றில் மிதித்தால் மட்டும் 12 வோல்ட். படத்தில் குறித்துக்கொண்டார்.

அந்த எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரைப் பின்னோக்கித் தேடிப் போனபோதுதான் எங்களுக்கு வியர்த்தது. ஃபியூஸ் பெட்டியில் அதற்குரிய இடத்தில் ஃபியூஸ் இல்லை. செம்புக் கம்பியை முறுக்கிச் செருகியிருந்தார்கள். பிரேக் விளக்கும் ஹார்னும் மட்டும் இருக்க வேண்டிய அந்த வயரில், யாரோ பாட்டுப் பெட்டியையும், இரண்டு மின்விசிறிகளையும், செல்போன் சார்ஜர்களையும் கட்டியிருந்தார்கள். ஒரு இடத்தில் பிளாஸ்டிக் உருகி, வெறும் கம்பி இரும்புப் பட்டையிலிருந்து நூலிழை தூரத்தில் தொங்கியது.

ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, வயரை. வயர் தாங்காத மின்சாரம் வரும்போது தான் எரிந்து வழியை அடைப்பதுதான் அதன் வேலை. அந்த இடத்தில் செம்புக் கம்பி இருந்தால், எரிவது வயர்தான். பின்னால் பன்னிரண்டு பேர் தூங்கிக்கொண்டு போகும் வண்டியில்.

இதில் எங்களை உறுத்தியது வேறொன்று. அந்த ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அண்ணன் முன்பே எங்களிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். "பழைய வண்டி, அது அப்படித்தான்" என்று சொல்லிக் கம்பியைச் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நாங்களும் மகிழ்ந்தோம். 'அது அப்படித்தான்' என்ற பதிலை ஊரில், பள்ளியில், காவல் நிலையத்தில் எங்கே கேட்டாலும் எதிர்த்து நிற்கும் நாங்கள், சொந்த வண்டியில் அதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறோம். சத்தம் நின்றதை நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டோம்.

க்ரூஸ் கண்ட்ரோல் இரண்டு வாரம் ஓரமாக இருந்தது. தங்கை உருகிய வயரை எடுத்துவிட்டுப் புதிதாக இழுத்தார். விசிறிக்கும் சார்ஜருக்கும் பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ். பிரேக் விளக்குக்கு உரிய ஃபியூஸ் அதன் இடத்துக்குத் திரும்பியது. அதன் பிறகுதான் கிட்டைப் பொருத்தினோம்.

பொருத்திய பிறகும் வேலை செய்யவில்லை. மோட்டார் சரி, வேகக் காயில் சரி, கிளட்ச் சுவிட்ச் சரி. பொத்தானை அழுத்தினால் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடினோம். கடைசியில் காரணம் வண்டியின் பின்கோடியில் இருந்தது. யாரோ பிரேக் விளக்கில் எல்.இ.டி. மாட்டியிருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிட்டிலிருந்து ஒரு வயர், பிரேக் விளக்குக்குப் போகும் வயரோடு சேர்கிறது. பிரேக் மிதிக்காதபோது, பழைய குண்டு பல்பின் இழை வழியாக அந்த வயர் பாடி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொடர்பு இருக்கிறதா என்று கருவி எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இருந்தால், பிரேக் வயர் அறுபடவில்லை என்று பொருள். எல்.இ.டி. அந்த வழியைக் கொடுக்காது. ஆகவே கருவி, 'பிரேக்கிலிருந்து வரும் செய்தி எனக்குக் கிடைக்குமா என்று உறுதியில்லை, நான் ஓட்டமாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டது. பழுது என்று நாங்கள் நினைத்தது அதன் நேர்மை. 21 வாட் குண்டு பல்பை இரண்டு பக்கமும் திரும்ப மாட்டினோம். உடனே வேலை செய்தது. எல்.இ.டி.யே வேண்டும் என்பவர்கள் நடுவில் ஒரு ரிலே வைக்கலாம்.

சாலையில் சோதிக்கும் நாள் வந்தது. நாங்கள் ஆர்வமாக ஏறி உட்கார்ந்தோம். அண்ணன் எங்களை இறக்கிவிட்டார். "மொதல்ல நிக்கிறதுக்கு வழி இருக்கான்னு பாக்குறேன். ஓடுறத அப்புறம் பாக்கலாம்" என்றார். தங்கையை மட்டும் அழைத்துக்கொண்டு, போக்குவரத்து இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்தில் பொத்தானை அழுத்துவது, பிரேக்கைத் தொடுவது, விடுகிறதா என்று பார்ப்பது, மறுபடி அழுத்துவது, கிளட்சை மிதிப்பது என்று இருபது தடவைக்கு மேல் செய்தார். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துக்கூடப் பார்த்தார், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை ஒரு படிக்கு மேல் திருப்பாமல். எல்லா முறையும் விட்டது. பிறகுதான் எங்களை ஏற்றினார்.

இப்போது திண்டிவனம் தாண்டும் வரை அவர் கால் பெரும்பாலும் ஓய்வாக இருக்கிறது. மழையில் போடமாட்டார். மலைச் சாலையில் போடமாட்டார். இது வேகத்தைப் பிடிக்குமே தவிர இறக்கத்தில் பிரேக் போடாது. தூக்கம் வரும் நேரத்தில் கட்டாயம் போடமாட்டார். கால் சும்மா இருந்தால் கண்ணும் சும்மா இருக்கப் பார்க்கும் என்பார்.

முழங்கால் குணமாகிவிட்டதா? இல்லை. மருத்துவரிடம் போனபோது, இரவு முழுதும் ஒரே ஆள் ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார். அதற்குக் கிட் எதுவும் விற்பதில்லை. இரண்டாவது ஓட்டுநருக்கான செலவைக் கணக்கில் எழுதாமலேயே இத்தனை ஆண்டுகள் பயணத் திட்டம் போட்டவர்கள் நாங்கள்தான். வலி என்ற வயரைப் பின்னோக்கித் தேடிப் போனால் அது எங்கள் கணக்கு நோட்டில் வந்து முடிந்தது. இப்போது 200 கி.மீ.க்கு மேல் போனால் இரண்டு ஓட்டுநர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டி நிற்கும், எல்லோரும் இறங்குவோம். எங்களில் இருவர் கனரக உரிமம் எடுக்க விண்ணப்பித்திருக்கிறோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் ஊரில் யாராவது பழைய வண்டியின் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டு வேலை செய்தால், போய் உட்காருங்கள். மல்டிமீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்கள் மட்டும் சுற்றி நின்றால், பெண் தோழர்களே முன்னால் போய் உட்காருங்கள். பிரேக்கோடு தொடர்புள்ள வயரில் மட்டும், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கைவைக்காதீர்கள். வண்டி ஓட்டுபவர் உங்கள் குழுவில் இருந்தால், அடுத்த நிறுத்தத்தில் அவர் எப்படி இறங்குகிறார் என்று பாருங்கள்.

தங்கை போட்ட படம் இப்போது பிளாஸ்டிக் உறையில், ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அடுத்து யார் திறந்தாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.