அலையின் குற்றமன்று

குற்றம் எங்கே என்று தேடப் புறப்படும் மனிதன், தன் வீட்டைக் கடைசியில்தான் சோதிக்கிறான். நானும் அப்படித்தான் செய்தேன்.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. கரும்பலகையின் இடத்தைக் கணினித் திரை பிடித்துக்கொண்டது. ஈப்போவில் என் வீட்டுப் பின்னறையில் இருந்த மேசைக் கணினியே எனக்கு வகுப்பறையாயிற்று.

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்டமொன்றிலிருந்து மாணவி ஒருத்தி கைத்தொலைபேசி வழியாகப் பாடம் கேட்டு வந்தாள். கேள்வி கேட்டால் அவளிடமிருந்து உடனே விடை வாராது. ஒருநாள், "என்னம்மா, கவனம் எங்கே இருக்கிறது?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். "ஐயா, நீங்க பேசுறது விட்டு விட்டுக் கேக்குது" என்றாள். தோட்டப்புறத்தில் இணைய அலை கிடைப்பது அரிது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஈப்போ நகரத்து மாணவன் ஒருவனும் அதையே சொன்னபோதுதான் என் விளக்கம் ஆட்டம் கண்டது.

அன்று மாலை கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு சோதனையில் இறங்கினேன். முன்கூடத்தில், இணையத்தைப் பரப்பும் ரௌட்டரின் அருகே நின்றபோது வேகம் நன்றாக இருந்தது. பின்னறைக்குச் சென்றதும் தேய்ந்துவிட்டது. ஆகவே வீட்டு வாசல்வரை வந்த இணைப்பில் பழுதில்லை. வாசலுக்கு உள்ளேதான் குறை.

கம்பியில்லா இணையம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்; பின்னதன் அலைநீளம் அதிற்பாதி. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆயினும் சுவர்களைக் கடக்கையில் விரைவில் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் குறைந்தது. சற்றுத் தொலைவு செல்லும். ஆனால், நுண்ணலை அடுப்பும் அதே வரிசையில் இயங்குவதால் இடையூறு நேரும். செங்கற்சுவரைத் தட்டுத் தடுமாறியேனும் கடக்கும் அலை, இரும்புத் தகட்டின் முன் தோற்றுப்போகும்.

என் வீட்டில் நடந்தது இதுதான். ரௌட்டர் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னே தரையில் கிடந்தது. இடையிலே ஓர் இரும்பு அலமாரி. கணினிப் பெட்டியோ மேசையின் கீழே. அலையை வாங்கும் சிறு கருவி அதன் முதுகில், சுவரை நோக்கி இருந்தது. இத்தனை தடைகளையும் நானே அடுக்கி வைத்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளையைக் கடிந்திருக்கிறேன்!

லயத்து வீட்டில் என் தந்தையார் வைத்திருந்த சிறிய டிரான்சிஸ்டர் வானொலி அப்போது நினைவுக்கு வந்தது. செய்தி தெளிவாகக் கேட்கவில்லையென்றால் அவர் நிலையத்தாரைக் குறை கூறமாட்டார். பெட்டியைத் தகரக் கூரையின் கீழிருந்து சன்னலோரம் கொண்டு செல்வார். மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு திசையில் குரல் துலங்கும். அவ்வானொலியின் உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டு, அலை வரும் திசைக்கேற்பக் கூடுதலாகவோ குறைவாகவோ வாங்கும் என்பதை நான் பின்னாளில் படித்தே அறிந்தேன். பால்மரம் சீவிய அவரோ பழக்கத்தால் அறிந்திருந்தார்.

தந்தையார் வழியையே பின்பற்றினேன். ரௌட்டரைத் தரையிலிருந்து எடுத்து உயரமான தட்டில், திறந்த வெளியில் வைத்தேன். அலமாரியை நகர்த்தினேன். அலை வாங்கும் கருவியை ஒரு நீட்டிப்புக் கம்பியில் இணைத்து மேசைமேல் நிறுத்தினேன். செலவு அந்தக் கம்பிக்கு மட்டுமே. சில நாள் கழித்து, ரௌட்டரிலிருந்து கணினிவரை நேரே கம்பி இழுத்தேன். அத்தகைய கம்பி 100 மீட்டர்வரை தாங்கும். இடம் மாறாத மேசைக் கணினிக்கு அதனினும் நம்பகமான வழி வேறில்லை.

ஆனால் செம்மைப்படுத்த வேண்டியது இன்னொன்றும் இருந்தது. ரௌட்டரை இடம் மாற்றிய மறுநாள், வகுப்புத் தொடங்கியதும் அம்மாணவியை அழைத்து, "குறை என் வீட்டில்தான் இருந்தது, அம்மா, உன்னைக் கடிந்தது என் தவறு" என்று எல்லார் முன்னிலையிலும் கூறினேன். சிறிது நேரம் அமைதி. பின்பு, "இப்ப நல்லா கேக்குதுங்க, ஐயா" என்று அவள் குரல் வந்தது. அன்று நான் கேட்ட முதற்கேள்விக்கு விடை சொன்னவளும் அவளே.

ஆசிரியப் பயிற்சியின்போது, மாணவன் விளங்கிக்கொள்ளாவிடில் கற்பித்தலையும் ஆராய்க என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றவன் நான். அதன் பொருள் விளங்க, இத்தனை ஆண்டுகளும் ஓர் இரும்பு அலமாரியும் தேவைப்பட்டன. விடை வாராத பிள்ளையைக் கடியுமுன், நம் குரல் அங்கே சென்று சேர்ந்ததா என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.