மோட்டாரும் அமானிதமும்

வாடகை வீடு குடியிருப்போரிடம் அமானிதம். வரம்பு மீறலோ அலட்சியமோ இன்றி அது சேதமுற்றால் அவர்கள் ஈடு செய்ய வேண்டியதில்லை என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹுச் சட்டம். மதரஸாவில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் பாடம்.

சென்ற ஆண்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமலே மஃரிபுத் தொழுகைக்குச் சென்றுவிட்டோம். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, நீர் இறங்கி, கூடத்தின் மேற்பூச்சு பெயர்ந்து விழுந்தது.

"ஹஜ்ரத், அட்வான்ஸில் 6000 ரூபாய் பிடித்துக்கொள்கிறேன்" என்றார் வீட்டுக்காரர்.

தற்செயல்தானே என வாதிட நா எழுந்தது. சட்டம் தெரிந்தவருக்கு அது எளிது. ஆயினும் மறதியால் பாவம் நீங்கலாம், பிறர் பொருளுக்கான பொறுப்பு நீங்காது என்பதும் நாம் நடத்திய பாடமே. தவறை ஒப்புக்கொண்டு, இருவருமாகக் கொத்தனாரை அழைத்தோம். பூச்சு முன்பே உப்புப் பூத்து இளகியிருந்ததை அவர் தட்டிக் காட்டினார். வீட்டுக்காரரே பாதிச் செலவை ஏற்றார்.

மோட்டார் சுவிட்சருகே மகள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: "அத்தா, நிறுத்தியாச்சா?"