அங்கே தண்ணீர் எப்படி?

எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் யாராவது வெளியூருக்குக் கிளம்பினால், "சாப்பாடு எப்படி?" என்று கேட்க மாட்டார்கள். "அங்கிட்டுத் தண்ணி எப்படி?" என்றுதான் கேட்பார்கள். தென்துருவக் கடலில் ஓடும் ஒரு சிறு பிரயாணிக் கப்பலில் சமையற்கட்டு வேலை கிடைத்திருப்பதாக என் தம்பி வந்து நின்றபோது, அம்மா கேட்டதும் அதையேதான்.

"கடல்தானம்மா! சுத்தியும் தண்ணிதான்" என்றான் அந்த அதிகப்பிரசங்கி.

"மூக்கையூர்லயும்தான் கடல் இருக்கு. குடிச்சுப் பாத்தியா?"

அம்மா கேட்டதில் நியாயம் உண்டு, சகோதரிகளே! ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டி மொண்டு, ஒரு குடம் நிறைய அரைநாள் உட்கார்ந்திருந்தவள் அவள். அப்புறம் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீடு வரை தள்ள வேண்டும். பின்னால் நானும் தம்பியும், சிந்திவிடாமல் காவல்!

தம்பிக்காக வக்கீல் வேலை பார்த்தவள் நான்தான். "1983-லேயே சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்று நம் நாட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஆராய்ச்சிக் குழுவோடு கப்பலேறி அண்டார்டிகா போய் வந்தார்களம்மா" என்றேன். "பொம்பளைப் பிள்ளைகளேயா?" என்று அம்மா சற்று நேரம் யோசித்தாள். அந்த ஒரு வார்த்தையில் உத்தரவு கிடைத்துவிட்டது.

போனவன் விடியோவில் காட்டிய வேடிக்கையைக் கேளுங்கள். அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து டிரேக் ஜலசந்தியைக் கடக்க இரண்டு நாள். தட்டுகள் நழுவாமலிருக்க மேஜையில் ஈரத்துணி. பெரிய பாத்திரங்களைக் கன்றுக்குட்டி மாதிரி கட்டிப் போட்டிருக்கிறார்கள். நடைவழிக் கம்பிகளின் இடுக்கிலெல்லாம் காகிதப் பைகள் செருகியிருக்கின்றன. எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தம்பியே முதல் நாள் நாலு பை தீர்த்தானாம்.

கரையில் இறங்குவதற்குள் ஆயிரம் ஆசாரம்! பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். சட்டைப் பையில் ஒரு விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். (அது நம்மை நோக்கி வந்தால் நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள்!)

மார்கழியில் ஒரு நாள் காலை எட்டரைக்குக் கூப்பிட்டான். அவனுக்கு அப்போது நடுராத்திரி. ஜன்னலைக் காட்டினான், புத்தகம் படிக்கலாம் போல வெளிச்சம், வெளியே மலை மலையாய்ப் பனி.

"தண்ணிக்கு?" என்றாள் அம்மா, விடாமல்.

"கடல் தண்ணியை மிஷின்ல அழுத்தி உப்பைப் பிரிச்சிடுறாங்கம்மா. நம்ம நரிப்பையூர்ல செஞ்சாங்களே, அதே வித்தைதான்."

நான் குறுக்கிட்டு, உலகத்து நல்ல தண்ணீரில் பெரும்பங்கு அந்தப் பக்கத்துப் பனியாகத்தான் உறைந்து கிடக்கிறது என்றேன். அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மனுசன் இல்லாத எடத்துலயா கொண்டு போயி வச்சான்?" என்றாள். ஆண்டவனைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

அப்புறம் திடீரென்று, "ஏய்யா, எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா எத்தனை நாள்ல வந்து சேருவ?" என்றாள்.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அண்ணன். தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். கப்பல் திரும்ப வேண்டும், இரண்டு நாள் கடல், பிறகு விமானம் மாறி மாறி... "ஆறேழு நாள் ஆயிரும்மா" என்றான்.

வக்கீல் வேலை பார்த்தவளுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"அதனால என்ன? இப்பத்தான் ஐஸ்பெட்டி வாடகைக்குக் கிடைக்குதே. அதுல போட்டு வைங்க. நீ இருக்கிற ஊரு மாதிரியே நானும் குளுகுளுன்னு கிடக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள் அம்மா. சிரித்தது அவள் மட்டும்தான்.

பங்குனியில் தம்பி ஊர் வந்தான். ஐப்பசியில் மறுபடியும் கப்பல். இப்போது தினமும் விடியற்காலையில் அவன்தான் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறான். அவனுடைய பெட்டி இன்னும் கூடத்திலேயே இருக்கிறது. பரணில் ஏற்றச் சொல்லி அம்மாவும் சொல்லவில்லை; அவனும் ஏற்றவில்லை.