ஊற்றும் கசிவும்

நீரைக் குறிக்கும் சொற்களை எண்ணச் சொன்னால் என் மாணவர்கள் எளிதாக இருபதைத் தாண்டிவிடுவார்கள். ஊற்று, சுனை, கேணி, மடு, பொய்கை என்று அடுக்குவார்கள். நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரைப் பொறுத்தவரை சட்டத்துக்கு இரண்டே வகைதான் என்பதை ஒரு வழக்குக் கட்டைப் படித்தபோது அறிந்தேன். வரையறுத்த தடத்தில் ஓடுவது ஒன்று. தடமின்றிக் கசிவது மற்றொன்று. முன்னதற்கு அண்டை நிலத்தாரும் உரிமை கோரலாம். பின்னது எவர் நிலத்தடியில் உள்ளதோ அவருக்கு. வேண்டிய மட்டும் இறைத்துக்கொள்ளலாம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. அதற்கு முன்பே, 1859இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் இதே கொள்கையை உறுதிசெய்திருந்தது. மண்ணுக்குள் நீர் போகும் வழியை அறிய இயலாத காலத்தின் சட்டம் அது.

வழக்கு என் ஒன்றுவிட்ட சிற்றப்பாவுடையது. தாராசுரத்தை அடுத்து அவருக்குச் சிறிது நஞ்சையும் அதில் ஒரு பழைய உறைகிணறும் உண்டு. ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் நாற்றங்காலைக் காப்பாற்றியது அந்தக் கிணறுதான். பக்கத்து நிலத்துக்காரர் ஆழமாகப் போர் போட்டு நீர்மூழ்கி மோட்டாரை இறக்கிய பிறகு, இரண்டு கோடைகளில் உறையின் அடிமணல் தெரிந்தது. சிற்றப்பா உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார். பிராதில் “வாதியின் கிணற்றுக்கு வரும் ஊற்று நீரை” என்று இருந்தது. எதிருரை ஒரே வரியில் அதை மடக்கியது: அது ஊற்றன்று, கசிவு, ஆகவே என் உரிமை.

“ஊத்துன்னா ஊத்துதானே தம்பி, இதுல என்ன ரெண்டு இருக்கு?” என்று கேட்டார் சிற்றப்பா. நாற்பது ஆண்டு அனுபவமும் உதவாது. தடமில்லாத நிலத்தடி நீருக்கு நீண்டகாலப் பயன்பாட்டால் உரிமை பிறக்காது என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு கதவை அடைத்துவிடுகிறது. மணலும் களியும் மாறி மாறிப் படிந்த வண்டல் பூமியில் தடத்தை எங்கே போய்க் காட்டுவது?

ஆகவே வழக்குரையைத் திருத்த வேண்டியதாயிற்று. போரை அடியோடு நிறுத்தும்படி கேளாமல், ஆழத்தையும் மோட்டாரின் குதிரைத்திறனையும் சொல்லி, இறைக்கும் நேரத்தை வரையறுக்கும்படி மாற்றிக் கேட்பது வழக்கறிஞரின் எண்ணம். ஆனால் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், விசாரணை தொடங்கிவிட்டால் உரிய முயற்சி எடுத்தும் முன்னரே எழுப்ப இயலவில்லை என்று காட்டினால்தான் திருத்தத்துக்கு அனுமதி. போரின் ஆழமோ அதைப் போட்டவருக்கே தெரியும். வேளாண் மின் இணைப்புகளில் பெரும்பாலும் மீட்டரும் கிடையாது. எவ்வளவு இறைத்தார் என்பதற்குக் கணக்கு இல்லை. எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேள்வி கேட்டுப் பிரமாணத்தின் பேரில் விடை பெறச் சட்டத்தில் வழியுண்டு. கேட்டார்கள். “ஆழம் நினைவில் இல்லை, போர் வண்டிக்காரர் கொடுத்த ரசீது கைவசம் இல்லை” என்று பதில் வந்தது. பின்னர் ஆணையர் வந்து அளந்த நாளே, விவரம் வாதிக்குத் தெரியவந்த நாளாகத் திருத்த மனுவில் ஏறியது. மறுக்கப்பட்ட தகவலே தாமதத்துக்குக் காரணமாக நின்றது. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது.

மனுவின் தமிழைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. (“மேற்படி” என்ற சொல் ஒரே பக்கத்தில் பதினொரு முறை.) பிராதின் வரிகளுக்கிடையே சிவப்பு மையில் திருத்தம் ஏறுவதைப் பார்த்தபோது, கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ.வே.சா.வின் பதிப்புகளும் அடிக்குறிப்பில் அவர் காட்டிய பாடபேதங்களும் நினைவுக்கு வந்தன. இங்கும் பழைய பாடம் அழிவதில்லை. குறுக்கு விசாரணையில் அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

இதே நீர் தில்லியில் வேறு பெயரில் வழக்காடியிருக்கிறது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், டெல்டாவின் நிலத்தடி நீர் 20 டி.எம்.சி. என்ற மதிப்பீட்டை எடுத்து, அதில் 10 டி.எம்.சி.யைத் தமிழகத்தின் கணக்கில் வைத்தது. பெங்களூரின் குடிநீருக்கான 4.75ஐயும் சேர்த்தால் 14.75 குறைந்து, நடுவர் மன்றம் 2007இல் தந்த 192 டி.எம்.சி. 177.25 ஆயிற்று. டெல்டாவின் நிலத்தடி நீரில் பெரும்பகுதி ஆற்றிலிருந்தே இறங்குவது. அதைத் தனி வரவாகக் கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உள்ளூர் நீதிமன்றத்தில் பக்கத்து நிலத்துக்காரரின் தனியுடைமை. தில்லியில் மாநிலத்தின் பொது இருப்பு. மாநிலச் சட்டமன்றம் 2003இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றியது. நடைமுறை காணாமலே அது 2013இல் நீக்கப்பட்டது. அது உயிரோடிருந்தால் சிற்றப்பா முதலில் வேறோர் அலுவலகத்துப் படியேறியிருப்பார்.

திருத்த மனு செலவுத்தொகையுடன் அனுமதிக்கப்பட்டது. கூடுதல் எதிருரைக்கு வாய்தா போட்டிருக்கிறார்கள். சிற்றப்பா இப்போது நாள்தோறும் காலை ஆறு மணிக்குக் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, ஈரம் பட்ட அளவை ஒரு பள்ளி நோட்டில் குறித்துவருகிறார். பக்கத்து மோட்டார் ஓடிய நாட்களுக்கு எதிரே ஒரு புள்ளி வைக்கிறார்.